துரை நடந்து காட்டிய எல்லை

எங்கள் நெல்லித்தாங்கலுக்கு இரண்டு எல்லை. ஒன்று பொன்னியம்மனுடையது, இன்னொன்று சர்க்காருடையது. இரண்டும் ஒன்றல்ல என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என் கொழுந்தன் துரை, ஒன்றைக் கேட்டு வந்தவர்களுக்கு மற்றதைக் காட்டிவிட்டான். அவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நடுவில் யாரும் திருத்தக் கூடாது. சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.

துரையின் தாத்தா இந்த ஊர்த் தோட்டி, ஊர் ஏவலுக்கெல்லாம் அவர்தான். அந்தக் காலத்தில் இரண்டு ஊருக்கு நடுவில் எல்லைத் தகராறு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தலையில் ஒரு கூடை மண்ணை வைத்துக்கொண்டு அவர் நடப்பார். அவர் கால் போன வழிதான் எல்லை. பொய்யாக ஒரு அடி வைத்தால் அந்த மண்ணே அவரை மூடிவிடும் என்று நம்பிக்கை. ஊரின் எல்லை முழுக்க அவர் காலில் இருந்தது, அதற்குள் ஒரு சென்ட் நிலம் அவர் பேரில் இல்லை. அவருக்குப் பிறகு என் மாமனார், அவருக்குப் பிறகு துரை. மண் சுமக்கிற வழக்கம் போய்விட்டது. ஆடியில் பொன்னியம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது காப்புக் கட்டிக்கொண்டு, விடியற்காலை ரத்தச்சோறு தெளித்தபடி ஊரைச் சுற்றி வருவது மட்டும் மிஞ்சியது. சுற்று முடிகிற இடம் ஓடைக் கரை. அங்கே மஞ்சள் பூசின ஒரு கல். அதன் மேல் கடைசிப் பிடிச் சோற்றை வைத்து, "எல்லை ஆச்சு!" என்று துரை கத்துவான். அதைக் கேட்ட பிறகுதான் ஊரில் அடுப்புப் பற்றும்.

அம்மன் எல்லை ஓடையோடு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. ஓடைக்கு அந்தாண்டைதான் எங்கள் சுடுகாடு; பேர்தான் சுடுகாடு, நாங்கள் புதைக்கிறவர்கள். சுடுகாட்டை எந்த அம்மனும் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ள மாட்டாள்.

சர்க்காருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. சர்க்கார் எல்லை ஓடையைத் தாண்டி, சுடுகாட்டைத் தாண்டி, பூவரச மரத்துத் திடலையும் தாண்டிப் போயிற்று. அந்தத் திடலில்தான் ஆரணி டவுன் பஸ் வந்து திரும்பும். ஊருக்குள் ரோட்டின் இரண்டு பக்கமும் வீடு. பஸ் திரும்ப வேறு இடமே இல்லை. 'சுடுகாட்டு ஸ்டாப்' என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பஸ் வந்ததே, அது போதாதா? காலை ஆறரைக்கு வந்து திரும்பும். தறிக்குப் பாவு சுற்றப் போகிற பெண்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், எல்லாரும் அதில்தான்.

துரையும் அதில்தான் போவான். ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிற பட்டறையில் அவனுக்கு வேலை. முழங்கை வரை ஒருநாள் சிவப்பாக வருவான், ஒருநாள் பச்சையாக வருவான். கண்டக்டர் கோகுல்ராஜ் அவன் ஏறியதும், "எல்லைச்சாமி ஏறியாச்சு, ரைட்!" என்று விசில் ஊதுவான். துரைக்கு அதில் உள்ளுக்குள் சந்தோஷம். வெளியே முறைப்பான்.

கொரோனா ஓய்ந்த மறுவருஷம் அளக்கிறவர்கள் வந்தார்கள். மாவட்டத்தை எல்லாம் பிரித்துச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கம் இரண்டு மாவட்டமும் சேருகிற இடத்தில் எல்லைக் கோட்டைச் சீர்படுத்துகிறார்களாம். நான்கு பேர், பேண்ட்டும் ஷூவுமாக. பழைய சர்வே கல்லைத் தேடினார்கள், கிடைக்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலர்தான் சொன்னார்: "துரைன்னு ஒருத்தர் இருக்காருங்க. பரம்பரையா எல்லை நடக்கிறவங்க. அவருக்குத் தெரியாத எல்லை இல்ல."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துரை வீட்டில் இருந்தான். பெரிய அதிகாரி அவனைப் பார்த்து, "ஐயா, நீங்க முன்னாடி நடங்க, நாங்க பின்னாலயே வர்றோம்" என்றார்.

அந்த 'ஐயா'தான் எல்லாவற்றையும் செய்தது. துரையின் ஐம்பது வயதில், சட்டையை உள்ளே விட்ட மனுஷர் ஒருவர் அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. துரை வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தான். ஏரிக்கரை, களம், கோயில் என்று ஆடியில் எப்படிச் சுற்றுவானோ அப்படியே சுற்றினான். நான்கு பேரும் பின்னாலேயே போனார்கள். அவன் நின்றால் நின்றார்கள்.

அவன் பெண்டாட்டி பரிமளா வாசலில் என் பக்கத்தில் நின்று சிரித்தாள். "பாருக்கா, பின்னாடி நாலு பேண்ட்டு வந்ததும் எங்க ஆளுக்கு நடையே மாறிப்போச்சு. இன்னிக்கு நான் போட்ற சோறு இறங்குமா?"

ஓடைக் கரைக்கு வந்ததும் மஞ்சள் கல்லின் மேல் கையை வைத்தான். "இதாங்க எல்லை. இதுக்கு அந்தாண்ட நம்மளுது இல்ல."

"நிச்சயமா தெரியுமா?"

"எங்க தாத்தா தலையில மண்ணு வச்சிகினு நடந்த வழிங்க இது."

அதற்கு மேல் யார் பேசுவார்கள்? ஒரு காகிதத்தை நீட்டினார்கள். துரைக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். நெற்றி வியர்க்க எழுதினான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் தேடின சர்வே கல் என் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்தது. தார் ரோடு போட்ட வருஷம் என் வீட்டுக்காரர் பூவரச மரத்துக்கு அந்தாண்டை அது சாய்ந்து கிடந்ததைப் பார்த்து, நல்ல கல்லாக இருக்கிறதே என்று மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கும் அதில்தான் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். துரை மஞ்சள் கல்லைக் காட்டினபோது, வேடிக்கை பார்க்கப் பின்னால் போனவர்களோடு நானும் அங்கே நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை. சர்க்கார் கல்லைத் திருடினவள் என்று இழுத்துக்கொண்டு போனால்? அதோடு, அந்தத் திடலில் என்ன இருக்கிறது, ஒரு மரமும் பத்துக் குழிமேடும்தானே, எந்த மாவட்டத்துக்குப் போனால் நமக்கென்ன என்று நினைத்தேன். பஸ்ஸைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கோடு போட்டால் பஸ் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த வருஷமே பரிமளாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சர்க்கரை முன்பே இருந்தது. இப்போது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். செவ்வாய், வியாழன், சனி, வாரத்தில் மூன்று நாள் ஆரணிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒருநாள் தவறினால் மூச்சுக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி குத்துவதற்காக இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதன் மேல் கை வைத்தால் புர்ரென்று துடிக்கும்.

"தொட்டுப் பாருக்கா, பஸ்ஸு ஸ்டார்ட்டுல நிக்கற மாதிரி இல்ல?" என்பாள். "எனக்கு இன்னா கவலை, என் கையிலயே ஒண்ணு ஓடிகினு இருக்குது."

ஆறரை பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போவார்கள். அவன் பட்டறைக்கு, அவள் ஆஸ்பத்திரிக்கு. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட் அவளுக்கென்றே இருந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். அப்படியே ஒன்றரை வருஷம் ஓடிற்று.

தை பிறந்து இரண்டாம் வாரம், மாலை பஸ்ஸில் இறங்கும்போது கோகுல்ராஜ் துரையின் தோளைப் பிடித்தான். "அண்ணே, நாளையிலேர்ந்து ஏரிக்கோடியோட சரி. அங்கியே திருப்பிக்கச் சொல்லிட்டாங்க."

"இன்னாபா வெளையாட்றியா? ஏரிக்கோடி ரெண்டு மைலு இருக்குது."

"திடல் இப்ப அடுத்த மாவட்டமாம். நம்ம பர்மிட்டு ஓடையோட முடியுது. ஓடைக்கு இந்தாண்ட வண்டி திருப்ப எடம் எங்க இருக்குது, நீயே சொல்லு?"

மறுநாள் ஆறரைக்கு எல்லாரும் மரத்தடியில் நின்றோம். நம்பிக்கையில் இல்லை, பழக்கத்தில். ஏழு வரை நின்றுவிட்டு நடந்தோம்.

பரிமளாவால் நடக்க முடியாது. துரை ஒரு பழைய டி.வி.எஸ். வாங்கினான். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போதுதான் பேஜார். சுத்தம் பண்ணி முடித்ததும் தலை சுற்றும், கண் இருட்டும். அதனால் அவளைத் தன் முதுகோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டு ஓட்டுவான். "இன்னா துரை, கல்யாண ஊர்வலமா?" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவளும், "அப்ப கட்டினது தாலி, இப்ப கட்டறது துண்டு. இதுதான்டா கெட்டியா இருக்குது" என்றாள். சித்திரையில் ஒருநாள் ஏரிக்கரைப் பள்ளத்தில் இரண்டு பேரும் கட்டினது கட்டினபடி விழுந்தார்கள். அவளுக்குத் தோள் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் டி.வி.எஸ். என்றாலே அவளுக்கு நடுக்கம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அது உயிர் போகிற அவசரத்துக்கு வரும். வாரத்துக்கு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற உயிருக்கு வராது.

அந்த நாட்களில் துரையின் வாயிலிருந்து ஓயாமல் வந்தது ஒரே வசவுதான்: "எந்தப் பேமானி அந்தக் கோட்டப் போட்டான்? என் கையில மாட்டட்டும்."

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள் என்று போளூர் போய் பஸ் மாறித் திருவண்ணாமலைக்குப் போனோம். நானும் போனேன். பரிமளா வர முடியாதே, ஒரு பொம்பளையாவது போய் அழ வேண்டாமா? அங்கே ஒருவர் பொறுமையாகத்தான் கேட்டார். "உங்க ஊர் எங்ககிட்ட இருக்கு. பஸ் திரும்புற எடம் அந்த மாவட்டம். அவங்க விட்டாத்தான்."

அடுத்த திங்கள் கண்ணமங்கலம் வழியாக வேலூர் போனோம். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அந்தத் திடல்ல எங்க ஆளுங்க யாரும் இல்லியேம்மா. ஒரு ஓட்டு கூட இல்ல. யாருக்காக பஸ் விடறது?"

"மரம் இருக்குதுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மூன்றாவது தடவை மறுபடி திருவண்ணாமலை. துரை அன்றைக்குக் கத்திவிட்டான். "எந்த மடையன் சொன்னான் எங்க எல்லை ஓடையோட முடியுதுன்னு? அந்த ஆள இஸ்துகினு வாங்க, நான் பேசறேன்!"

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. ஒரு கட்டைப் பிரித்து, தாளைத் திருப்பித் துரையின் பக்கம் தள்ளினார். "இது யார் கையெழுத்து?"

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் துரையின் கையெழுத்து தெரியும். பெயரின் கடைசியில் ஒரு கொக்கி போட்டு, அதற்குக் கீழே ஒரு கோடு இழுப்பான். அந்தக் கோடு அங்கே இருந்தது.

அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். அன்றைக்குக் கையில் மயில்நீலச் சாயம். தாளில் ஒட்டிவிடுமோ என்று விரலை எடுத்துக்கொண்டான். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும், போளூர் வரைக்கும் அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

ஏரிக்கோடியில் இறங்கி நடக்கும்போது நான் தாங்க முடியாமல் சொன்னேன். "துரை, நீ மட்டும் இல்லடா. அந்தக் கல்லு என் வூட்ல இருக்குது."

"எந்தக் கல்லு அண்ணி?"

"சர்வே கல்லு. உங்கண்ணன் எடுத்தாந்தது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல."

நின்று என்னையே பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். "நீ துணி தோய்க்கிறியே, அதா?" என்றான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். சந்தோஷத்தில் சிரித்ததில்லை அது.

அந்தக் கல்லைக் காட்டினால் கோட்டை மாற்றுவார்களா என்றும் போய்க் கேட்டோம். என்னைப் பிடித்துக்கொண்டு போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். தாலுகா ஆபீஸில் சர்வேயர் தலையை ஆட்டினார். "கல்லு சாட்சி சொல்லாதும்மா, அது நின்ன எடம்தான் சொல்லும். நீங்க பேத்து எடுத்த அன்னிக்கே அது வெறும் கல்லு." பழைய வரைபடம் இருக்குமே என்று கேட்டதற்கு, எல்லாம் முடிந்து அரசிதழில் வந்தாயிற்று, இனி மேலேதான் போக வேண்டும் என்றார். மேலே எங்கே என்று கேட்டோம். கையைத் தூக்கிக் காட்டினார். அங்கே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

கையெழுத்து விஷயத்தைப் பரிமளாவிடம் மறைக்க வேண்டும் என்று துரை நினைத்தான். இரண்டு நாள் தாங்கினான். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டான்.

அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். "உன் பேச்ச நம்பி சர்க்காரே கோடு போட்டுதா? முப்பது வருஷமா நானே நம்பினதில்லியே" என்றாள். அதற்கப்புறம், "சாப்பிடு, ஆறிடப் போவுது" என்றாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அவள் மறுபடி பேசவே இல்லை. பேசியிருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஆனியில் அவர்கள் ஆரணிக்குப் போனார்கள். பட்டறைக்குப் பின்னால் ஒரே அறை. ஜன்னல் கிடையாது, ஆனால் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். நான்தான் கடைசியாகச் சட்டி பானைகளை மூட்டை கட்டிக் கொடுத்தேன். அவர்கள் முதல் ஆள் இல்லை. அதற்கு முன்பே ஐந்து குடும்பம் போயிருந்தது. பஸ் இல்லாத ஊரில் எவன் பெண் கொடுப்பான்? உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு பிள்ளைகள் மிஞ்சினார்கள், பிறகு மூடிவிட்டார்கள். மூடினதும் பிள்ளை வைத்திருந்தவர்கள் எல்லாரும் போனார்கள். நாற்பத்திரண்டு வீட்டில் இன்றைக்கு விளக்கு எரிவது பதினாறில். ஆள் இல்லை என்று பஸ் வரவில்லை, பஸ் இல்லை என்று ஆள் போகிறது. இதில் எது முதலில் என்று இனிமேல் யார் சொல்ல முடியும்?

அந்த ஆடியில் ஊர்ப் பெரியவர் பரசுராமன் ஆரணிக்கே போய்த் துரையைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். காப்புக் கட்டினால் எட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த எட்டு நாளில் பரிமளாவுக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரி.

"நான் ஒருத்தியே போயிக்கறேன், நீ போய்ட்டு வா" என்றாள் பரிமளா. "அம்மனுக்குக் கொடுத்த வாக்கு."

துரை பரசுராமனிடம், "வேற யாரயாவது கட்டச் சொல்லுங்க" என்றான்.

"வேற யாருக்குப்பா வழி தெரியும்?"

"எனக்கும் தெரியலீங்களே."

பரசுராமன் எழுந்துவிட்டார். அந்த வருஷம் எல்லை நடக்கவில்லை. கூழ் மட்டும் வார்த்தோம். "எல்லை ஆச்சு" என்று கத்த ஆள் இல்லாததால் எப்போது அடுப்பைப் பற்றவைப்பது என்று தெரியாமல் பெண்கள் வாசலில் நின்றோம். வெயில் ஏறியதும் ஒருத்தி பற்றவைத்தாள். பிறகு எல்லாரும்.

பரிமளா மார்கழியில் போய்விட்டாள். ஆரணிக்குப் போன பிறகு ஒரு தடவை கூடத் தவறவில்லை, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது, ஆனாலும் போய்விட்டாள். டாக்டர் துரையிடம், ஏரிக்கரையில் விழுந்ததற்கு அப்புறம் சித்திரை வைகாசியில் நாலைந்து தடவை தவறினதில் இதயம் பலவீனமாகிவிட்டது என்று சொன்னாராம். சொல்லியிருக்க வேண்டாம். உண்மைதான். இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டாம்.

அவளை ஊருக்குத்தான் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டும்போது நான் அவள் இடது கையைத் தொட்டுப் பார்த்தேன். பஸ் நின்றிருந்தது.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிற மகன் அஜித்குமார் கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் போனான். மஞ்சள் கல்லைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அடுத்த மாவட்டத்துக்குள் கொண்டுபோய்ப் புதைத்தோம். எந்த அதிகாரியும் வந்து தடுக்கவில்லை. உயிரோடு இருந்தவளுக்குத்தான் பர்மிட் தேவைப்பட்டது.

பால் தெளித்த மறுநாள் காலை துரை கிளம்பினான். ஏரிக்கோடி வரை நானும் நடந்தேன். பஸ் வந்தது. கோகுல்ராஜ் விசிலை வாயில் வைத்தான், இவனைப் பார்த்ததும் எடுத்துவிட்டான். கம்பியை மட்டும் தட்டினான்.

"ஆடிக்கு வருவியாடா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அண்ணி?" என்றான்.

இரண்டு ஆடி போய்விட்டது. அவன் வரவில்லை. மஞ்சள் கல்லில் மஞ்சள் கூட இல்லை. மழை கழுவிவிட்டது.

என் மகள், "அந்தத் துணி தோய்க்கிற கல்லத் தூக்கிப் போட்டுடும்மா, பார்க்கவே பிடிக்கல" என்கிறாள். நான் போட மாட்டேன். எங்கே கொண்டுபோய்ப் போடுவது? துணி தினமும் அழுக்காகிறது, நான் அதில்தான் துவைக்கிறேன். கல்லின் ஒரு பக்கத்தில் என்னவோ எழுத்து வெட்டியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாததால் அது என்ன என்று கேட்டதில்லை. இப்போது கேட்டாலும் பிரயோசனம் இல்லை. நான் துவைத்துத் துவைத்து, படித்தவர்களுக்கும் அது தெரியாமல் போய்விட்டது.